ராக்கெட் தெரியும் ஊர்

சூலூர்பேட்டையில் ராக்கெட்டைவிடப் பூநாரைக்கு மவுசு அதிகம். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் "பேர்ட்ஸா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். ராக்கெட் எப்போதோ ஒருநாள் கிளம்பும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். பறவைகள் அக்டோபர் வாக்கில் வந்தால் மார்ச் வரை நிற்கும். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவருக்கு எது லாபம் என்பதில் குழப்பமே இல்லை.

2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை மதியம். மறுநாள் காலை 9.18-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எஸ்எல்வி-டி2 ராக்கெட் கிளம்புவதாக இருந்தது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி தாண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வரை தமிழ்நாடு. தடாவில் ஆந்திரம் தொடங்கிவிடும். ரயில் பெட்டிக்குள் அந்த எல்லை தெரியாது. வேர்க்கடலை விற்ற பெரியவர் பொன்னேரியில் பேசிய அதே தமிழைத்தான் தடாவிலும் பேசினார். சில்லறை எண்ணும்போது மட்டும் தெலுங்குக்குப் போனார்.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், முழங்கால் ஆழம் இருந்தால் அதிகம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. இதற்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே மணல்மேடாக நீண்டு கிடப்பதுதான் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏறக்குறைய 43,000 ஏக்கர். யானாதிப் பழங்குடிகள் மீன்பிடித்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த காடு. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்ற சிறு ராக்கெட் இங்கிருந்து முதன்முதலாகக் கிளம்பியது. அதன் பிறகு யானாதிகளின் ஊர் என்ற பேர் மறைந்துவிட்டது.

பூநாரைகள் அன்று சாலையிலிருந்து வெகு தூரத்தில், வெள்ளைக் கோடாக நின்றன. அவற்றைப் பார்ப்பதற்காக ஓரமாக நின்றிருந்த பள்ளிப் பேருந்து ஒன்றிலிருந்து நாற்பது பிள்ளைகள் இறங்கியிருந்தார்கள். சென்னைத் தனியார் பள்ளி. எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன், முதுகில் ராக்கெட் படம். மறுநாள் பார்வையாளர் மாடத்தில் உட்காரப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தார்கள். 2019-இல் அந்த மாடம் திறந்ததிலிருந்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் பெயர் கொடுத்து, அடையாள அட்டையைக் காட்டி, ராக்கெட் கிளம்புவதை நேரில் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. நாட்டில் எத்தனையோ அரசு அலுவலகங்கள் வாசலில் நிற்கவே விடாது. இஸ்ரோ கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுகிறது. அது சின்ன விஷயமில்லை.

அந்தக் கூட்டத்தோடு வந்த இயற்பியல் ஆசிரியை, தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஒன்று சொன்னார். "வருஷா வருஷம் யாரையாவது கூட்டிட்டு வர்றோம் சார். திரும்பிப் போறப்ப பஸ்ல கேட்டா எல்லாருக்கும் விண்வெளி வீரர் ஆகணும். ஒருத்தருக்குக்கூட அந்த ராக்கெட்ட வெல்டிங் பண்ணணும்னு தோணல."

இஸ்ரோ பிள்ளைகளுக்காகச் செய்வது இந்த மாடத்தோடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் கொண்டாடுகிறார்கள். முதல் தேதி 1957-இல் ஸ்புட்னிக் பறந்த நாள், கடைசித் தேதி 1967-இல் விண்வெளி ஒப்பந்தம் நடப்புக்கு வந்த நாள். அந்த வாரம் ஸ்ரீஹரிகோட்டாக்காரர்கள் மாதிரி ராக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கண்காட்சி போடுவார்கள். 2019-இல் 'யுவிகா' தொடங்கினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களிலேயே தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. கிராமத்துப் பள்ளியில் படித்தால் தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் நாடு முழுவதும் சேர்த்து எடுப்பது சில நூறு பேரைத்தான். ஒரு மாவட்டத்துக்கு ஒரு பிள்ளை கூடத் தேறாது.

சரி, மறுநாள் கிளம்பவிருந்த ராக்கெட்டுக்கு வருகிறேன். நான் புறப்பட்டு வந்ததே அதற்குள் இருந்த ஒரு பெட்டிக்காகத்தான்.

எஸ்எஸ்எல்வி இஸ்ரோவின் சின்ன ராக்கெட். 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. அந்தத் தடவை மூன்று செயற்கைக்கோள்கள் ஏறியிருந்தன. இஸ்ரோவின் இஓஎஸ்-07, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஜானஸ்-1, மூன்றாவதாக ஒன்பது கிலோவுக்கும் குறைவான ஆசாதிசாட்-2. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு ஒருங்கிணைத்தது. நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகள், பள்ளிக்குப் பத்துப் பேராக 750 மாணவிகள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை போயிற்று. பெண்பிள்ளைகள் அதற்கு நிரல் எழுதி, சோதித்துத் திருப்பி அனுப்பினார்கள். மதுரைப் பக்கம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளியும் அதில் ஒன்று.

முதல் ஆசாதிசாட் 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி-டி1 இல் ஏறியது. மாணவிகள் பலர் நேரில் வந்து பார்த்தார்கள். ராக்கெட் கிளம்பியது, மூன்று அடுக்குகளும் ஒழுங்காக எரிந்தன, கைதட்டினார்கள். அப்புறம் கட்டுப்பாட்டு அறை அமைதியாகிவிட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர் என்று நீள்வட்டத்தில் மாட்டிக்கொண்டன. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளும் அங்கே நிலைக்காது. 750 பிள்ளைகளின் பலகையும் எரிந்து போயிற்று.

காரணத்தை இஸ்ரோ மறைக்கவில்லை. இரண்டாவது அடுக்கு கழன்றபோது ராக்கெட்டின் உடம்பில் ஓர் அதிர்ச்சி ஓடியது, கணநேர அதிர்வு. முடுக்கத்தை அளக்கும் கருவிகள் தங்கள் அளவுக்கு மேற்பட்ட எண்ணைக் கண்டு திணறின. கருவிகள் பழுது என்று கணினி முடிவுகட்டி, மாற்று ஏற்பாட்டுக்குத் தாவியது. அந்த ஏற்பாட்டில் வேகம் போதவில்லை. உண்மையில் கருவி எதுவும் கெடவே இல்லை. கெட்டுவிட்டதாக நினைத்த தர்க்கம்தான் கவிழ்த்தது. டி2 இல் அந்த அடுக்கைக் கழற்றும் அமைப்பையே மாற்றினார்கள். விரிந்து தள்ளுகிற பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக, இறுக்கிப் பிடித்து விடுவிக்கிற வளையப் பட்டை. பழுது கண்டுபிடிக்கும் நிரலையும் திருத்தினார்கள். ஆறே மாதத்தில் அடுத்த ராக்கெட், அதில் மறுபடி அந்தப் பிள்ளைகளின் பெட்டி.

என்னைக் கேட்டால், அந்த 750 பேருக்குக் கிடைத்த பாடத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது. தன் கையால் செய்தது மேலே போய், வேறொருவர் எழுதிய நாலு வரித் தர்க்கத்தால் வீணாகி, ஏன் வீணானது என்று பக்கம் பக்கமாக அலசப்பட்டு, மறுபடி மேலே போவது. பொறியியல் என்பது இதுதான். மற்றதெல்லாம் பட்டம்.

எல்லோரும் சூலூர்பேட்டைக்கு வந்துகொண்டிருந்தபோது நான் அறையைக் காலிசெய்தது லாட்ஜ்காரருக்கு விநோதமாகப் பட்டது. "ராக்கெட் பார்க்கலியா?" என்று தெலுங்கில் கேட்டார். பார்க்கத்தான் போகிறேன், ஏரியின் அந்தக் கரையிலிருந்து என்றேன். விடிவதற்கு முன் தெற்கே போகும் ரயிலைப் பிடித்தேன். அதிகாலை 2.48-க்கே கவுண்ட்டவுன் தொடங்கிவிட்டதாக எதிர் இருக்கைக்காரரின் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் ஏறினேன். கூடையோடு ஏறிய ஒரு கிழவியிடம் கண்டக்டர் வம்பிழுத்தார்.

"இன்னா ஆயா, இன்னைக்கு ராக்கெட்டு. கடலுக்கு எவன் போனான்னு நீ கூடய தூக்கினு கெளம்பிட்ட?"

"ஏரி எறா கெடைக்கும்பா. ராக்கெட்டு வுடுறவன் எனக்கு சோறா போடுறான்?"

ஏவுதல் நாளென்றால் பழவேற்காட்டுப் படகுகள் கடலுக்குள் போகக்கூடாது. முன்கூட்டியே ஊர் ஊராகச் சொல்லிவிடுவார்கள். ராக்கெட் தள்ளிப்போனால் தடையும் தள்ளிப்போகும். இந்தக் கரையில் ராக்கெட் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒருநாள் கூலிதான்.

பழவேற்காட்டுக்கும் வெடிமருந்துக்கும் பழைய உறவு. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஊரில் வெடிமருந்து ஆலையும் நடந்தது. இங்கே அரைத்த மருந்து கப்பலேறி பட்டாவியா வரைக்கும் போயிற்று. கோட்டை இன்று புதர். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இருபுறமும் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் சிதையாமல் நிற்கின்றன. ஏரியின் வடக்கே, தீவில், இன்று டன் கணக்கில் திட எரிபொருளை வார்க்கிறார்கள். நானூறு வருஷமாக இந்த ஏரியைச் சுற்றி யாராவது எதையாவது கொளுத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பாலத்தைத் தாண்டி, கலங்கரை விளக்கத்துப் பக்கம் கடற்கரைக்குப் போனபோது மணி எட்டரை. படகுகள் மணலில் வரிசையாக ஏறிக் கிடந்தன. ஆண்கள் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு, பையை ஒரு படகுக்குள் குவித்துவிட்டு, ஓர் இளம்பெண்ணைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அவரைப் பற்றி ஒரு நண்பர் சொல்லித்தான் நான் இந்தக் கரைக்கு வந்தேன். மீனவக் குடும்பம். பி.எஸ்சி. இயற்பியல். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தவர். மாலையில் வீட்டுத் திண்ணையில் வகுப்பு. பிள்ளைகளுக்கு அவர் டீச்சர் இல்லை, அக்கா. அன்று அரை மணி தாமதமாக வருவார்கள் என்று பள்ளியில் சொல்லிவைத்திருந்தார்.

"சும்மா வேடிக்கை பார்க்க இவங்களுக்கு நான் தேவையில்ல அண்ணா. பொறந்ததுலேருந்து பார்க்குறாங்க" என்றார். "ஆளுக்கொரு போன் வாங்கிட்டு வரச் சொன்னேன். அம்மா போன், மாமா போன். நெருப்பு தெரிஞ்ச உடனே ஸ்டாப்வாட்ச் அழுத்தணும். சத்தம் கேட்டா நிறுத்தணும். அவ்ளோதான்."

9.18. வடக்கே சவுக்குத் தோப்புக்கு மேலே ஒரு மஞ்சள் புள்ளி எழுந்தது. கண் கூசாத வெளிச்சம். "போச்சு!" என்று கத்திக்கொண்டே எல்லோரும் அழுத்தினார்கள். புள்ளிக்குக் கீழே வெள்ளைத் தடம் தடித்து வளர்ந்து, மெல்ல வலப்பக்கம் கடலின் மேல் சாய்ந்தது. சத்தமே இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பிள்ளைகள் வானத்தை விட்டுவிட்டுப் போனையே பார்த்தார்கள். ஐம்பது, எழுபது, தொண்ணூறு. ஒரு பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் தரையோடு உருண்டு வருவதுபோல ஒரு மெல்லிய முனகல். ஆளுக்கொரு நேரத்தில் நிறுத்தினார்கள்.

104, 109, 111, 118. ஒருத்தி 131.

மணலிலேயே கணக்கு நடந்தது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 109 விநாடி என்றால் 37 கிலோமீட்டர். அக்கா போனில் வரைபடத்தைத் திறந்து, ஏவுதளத்திலிருந்து அந்தக் கரைக்குக் கோடு இழுத்துக் காட்டினார். 36, 37-க்குள் வந்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். எனக்கும் துள்ளத் தோன்றியது. கரையில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் போனை வைத்து, தீவுக்குள் கால்வைக்காமலே அளந்துவிட்டார்களே. அக்கா மட்டும் விடவில்லை. "சரி, ஒருத்தருக்கு ஏன் 104, இவளுக்கு ஏன் 131?"

"அவ காது டம்மிக்கா!"

"வேற?"

"சத்தம் எப்போ ஆரம்பிச்சுச்சுன்னே தெரியலக்கா. அலைச் சத்தமா இதுவான்னு..."

"வேற?"

வெகுநேரம் யாரும் பேசவில்லை. மூச்சைப் பிடித்திருந்த பையன்தான் சொன்னான். "ராக்கெட்டு ஒரே எடத்துல நிக்கலியேக்கா. மேல போயினே இருக்கு. நாம கேட்டது எங்க இருந்தப்போ போட்ட சத்தம்?"

அக்கா பதில் சொல்லவில்லை. நோட்டில் அதை எழுதிவைக்கச் சொன்னார். சத்தம் இந்தக் கரைக்கு வந்து சேரும்போது ராக்கெட்டின் முதல் அடுக்கு எரிந்து தீரும் கட்டத்துக்கே வந்துவிட்டிருக்கும் என்பதை அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னார். "இப்பவே சொல்லிட்டா அது என் விடை ஆயிடும்ல."

ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய அய்யர் என்ற ஆசிரியர், கரும்பலகையில் பறவையை வரைந்து காட்டியும் புரியாத பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டிய கதையை அப்துல் கலாம் மேடைதோறும் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் எதிரே தெரிகிற இதே தீவில் எஸ்எல்வி-3 திட்டத்தை நடத்தினார். 1979 ஆகஸ்டில் அது கடலில் விழுந்தது, 1980 ஜூலையில் ஜெயித்தது. இந்தக் கதை நம் ஊரில் தேய்ந்து போகும் அளவுக்குச் சொல்லப்பட்டாகிவிட்டது. ஆனால் அந்த ஆசிரியர் செய்ததைத் திரும்பச் செய்கிறவர்களை அதிகம் பார்க்க முடிவதில்லை.

ஆசாதிசாட்-2 உள்ளிட்ட மூன்றும் 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாக நிலைநிறுத்தப்பட்டன என்ற செய்தி நாங்கள் டீக்கடைக்கு வந்தபோது டிவியில் ஓடியது. பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கு ஓடிவிட்டார்கள்.

சாயங்காலம் அக்கா என்னைப் படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறைக்கு அழைத்துப் போனார். தகரக் கொட்டகை, தரையெல்லாம் டீசல் கறை. மாதம் ஒருமுறை பிள்ளைகளை இங்கே கூட்டிவருவாராம். மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும், பத்தாவதோடு நின்றவர். அன்று இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒன்றைக் கழற்றி, கையால் அடிக்கும் சோதனைப் பம்பில் மாட்டியிருந்தார். ஐந்தாறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"கைய முன்னால கொண்டு வராதே. தோலக் கிழிச்சினு உள்ள பூந்துரும், அப்புறம் வெரலயே எடுக்கணும்" என்று முதலில் மிரட்டினார். பிறகு ஒரு பெண்ணிடம் கைப்பிடியைக் கொடுத்தார். எட்டாம் வகுப்பு. இரண்டு கையாலும் தொங்கி அழுத்தினாள். பம்பின் அழுத்தமானி முள் ஏறியது. நாசில் முனையில் ஒரு சொட்டு திரண்டு, கோடாக வழிந்தது.

"சொட்டுதா? இது எரியாது. கறுப்புப் புகையாத்தான் போவும். பொகையா பூத்து வரணும்."

நாசிலுக்குள் இருந்த ஊசியை வெளியே எடுத்தார். மயிரிழை மாதிரி மெல்லிய கரி அதன் முனையில். டீசலில் நனைத்து, மரச்சில்லால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுத்துவிட்டுத்தான் திரும்பப் போட்டார். மறுபடி அந்தப் பெண் அழுத்தினாள். கிர்ரென்று சின்ன நடுக்கம், முனையில் ஒரு கூம்பாக மூட்டம் பூத்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். காலையில் ராக்கெட்டுக்குக்கூட அப்படிக் கத்தவில்லை.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும் சார். ஏன்னு தெரியாது. உப்புல மூணு மாசத்துக்கு ஒருக்கா பம்ப்பு போவுது. ஏன்னு தெரிஞ்சவன் இதுங்கள்ல ஒருத்தன் வந்தான்னா, உப்புக்கு நிக்கிற பம்ப்பா செஞ்சு குடுப்பான். அதுக்குத்தான் இதுங்கள உள்ள விடுறேன். இல்லன்னா இதுங்க தொல்லைய யாரு தாங்குறது."

நாட்டில் பள்ளிகளுக்கு ஆய்வகம் கொடுக்காமல் இல்லை. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் பத்தாயிரம் பள்ளிகளுக்கு, பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் போயிருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம், சென்சார், ரோபோ எல்லாம் உண்டு. நன்றாக நடக்கிற இடங்கள் இருக்கின்றன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிற பள்ளிகளையும் என் ஊர்சுற்றலில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் பெயர் சூட்டிய பலகை மட்டும் பளபளவென்று இருக்கும். ஒரு பிள்ளை உடைத்தால்தான் அது ஆய்வகம். இந்தத் தகரக் கொட்டகையில் சாவியே கிடையாது.

இருட்டுகிற நேரத்தில் திண்ணையில் பேச்சு வேறு பக்கம் போயிற்று. பையன் ஒருவன் வெட்டென்று கேட்டான். "இன்ஜினியரிங் படின்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க பெரியம்மா பையன் படிச்சான். சோறு டெலிவரி பண்றான். அப்போ?"

இதற்கு ஊக்கப் பேச்சாளர்களிடம் பதில் இருக்காது. அவர்கள் மைக்கை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். இயந்திரத்தைத் தொடாமலே இயந்திரவியல் பட்டம் வாங்க முடிகிற இடங்கள் அவற்றில் உண்டு என்பது ஊரறிந்த கதை. பிள்ளைகளைக் கனவு காணச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அக்கா சொன்னார். கல்லூரி பேரைப் பார்க்காதே, அங்கே பட்டறை திறந்திருக்கிறதா, தேர்ச்சி எத்தனை பேர், போன வருஷம் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேள் என்றார். பத்தாவது முடித்து பாலிடெக்னிக், அப்புறம் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. என்ற வழியையும் சொன்னார். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். டிப்ளமோ என்றால் மட்டம் என்று எப்படியோ பதிந்திருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்து, டிப்ளமோவில்தான் தொடங்கினார் என்ற செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அக்காவுக்கு அன்று அனுப்பினேன். "திண்ணைல ஒட்டிட்டேன்" என்று பதில் வந்தது.

இதைவிடப் பெரிய தடை காகிதம். 2021-இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசு கட்டும். பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். திண்ணையில் இருந்த தாய்மார்களில் ஒருவருக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் தெரியும். 7.5 யாருக்கும் தெரியாது. அதைவிட, அரசுப் பள்ளி வேறு, அரசு உதவிபெறும் பள்ளி வேறு என்பது தெரியாது. "அங்கயும் சத்துணவு போடுறாங்க, இங்கயும் போடுறாங்க. அப்புறம் இன்னா வித்தியாசம்?" என்றார் ஒருவர். பிள்ளையை நடுவில் ஓரிரு வருஷம் உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினால் அந்த இடம் போயிற்று. பிள்ளைக்குப் பன்னிரண்டாவதில் எவ்வளவு மார்க் வந்தாலும் சரி. ஆறாவதில் எடுக்கிற முடிவு பதினெட்டு வயதில் வந்து கதவை மூடும். இதை ஐந்தாம் வகுப்பு அம்மாவிடம் போய்ச் சொல்ல எந்த ஊக்குவிப்புத் திட்டத்திலும் ஆள் இல்லை. ராக்கெட் காட்ட ஆள் இருக்கிறது.

அக்கா ஒரு கோடுபோட்ட நோட்டு வைத்திருந்தார். தெருவில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பிறந்த தேதி, எந்தப் பள்ளி, எந்த வருஷம் மாறியது, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா. அன்று பார்த்ததிலேயே பொறியியலுக்கு மிக நெருக்கமான பொருள் அந்த நோட்டுதான் என்று எனக்குப் பட்டது.

கிளம்பும்போது நாசில் பம்பை அழுத்திய அதே எட்டாம் வகுப்புப் பெண் என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தாள். கொஞ்ச நேரம் சும்மா வந்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, ராக்கெட்டு அந்தாண்ட கடலுக்குத்தானே போவுது. நாங்க இந்தாண்ட இருக்கோம். எதுக்கு எங்க படகையும் நிறுத்துறாங்க?"

வெடித்தால் சிதறல் விழும், எரிந்து தீர்ந்த அடுக்குகளும் கடலில் விழும், அதற்காகத்தான் என்றேன்.

"அது தெரியும். எவ்ளோ தூரம் நிறுத்துனா போதும்னு யாராவது கணக்குப் போட்டாங்களா? எத்தினி மணி நேரம்னு? எங்கப்பா ராத்திரியே போவக்கூடாதுன்றாங்க. காலைல ஒம்பது மணிக்குதானே அது போவுது."

அந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே ஏவுதளங்களில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். காற்றின் திசை, சிதறல் எவ்வளவு தூரம் போகும், எங்கே எத்தனை பேர் என்று வைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதற்குப் படிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அடுத்த வருஷம் ஒன்பதாவது, யுவிகாவுக்கு எழுதிப் போடப்போவதாகவும், கிடைத்தால் அங்கே இதைக் கேட்கப்போவதாகவும் சொன்னாள்.

இப்போது குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் சின்ன ராக்கெட்டுகளுக்கு எரிபொருள் கரைந்துவிடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே விடலாம், கடல் மட்டும்தான். அந்தக் கடலிலும் படகுகள் இருக்கின்றன. பழவேற்காட்டுப் பெண் கேட்டதை அங்கேயும் ஒரு பிள்ளை கேட்கும்.

அன்று, அதற்குள் பஸ் வந்து நின்றது. "கெடைக்கலன்னா?" என்று தானே கேட்டுக்கொண்டாள். "லெட்டர் போட்டா போவுமா அண்ணா? ஸ்ரீஹரிகோட்டா பின்கோடு இன்னா?"

போனில் தேடி, 524124 என்று சொன்னேன். ஆந்திராப் பின்கோடெல்லாம் அஞ்சில் தொடங்குமா, நமக்கு ஆறாச்சே என்று சந்தேகப்பட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கையில் எழுதிக்கொண்டாள்.